மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார்க் கார்கள்: யாழ்ப்பாணக் குடாநாடு, 1990 – 1996

1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டதைத் தொடர்ந்து யாழ்ப்பாணக் குடாநாடு தென்னிலங்கையினின்றும் துண்டிக்கப்பட்டது. கொழும்பிலிருந்து வந்துகொண்டிருந்த புகையிரதம் நின்றது, மின்சாரம் நின்றது, அவசரகால விதிகளின்கீழ்ப் பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, உரம் முதலிய பொருள்களை வடக்கே கொண்டுசெல்லுதல் தடைசெய்யப்பட்டது. குடாநாட்டு வீதிகள் துவிச்சக்கரவண்டிக்கு உரியனவாயின. ஆயினும் மோட்டார்க் கார் அவ்வீதிகளினின்றும் முற்றாக மறைந்துவிடவில்லை. 1980களில் ஜப்பானிலிருந்து வந்திறங்கிய புதிய கார்கள் கொட்டில்களிலே தூசி படிந்து கிடக்க, அவற்றினும் முப்பது ஆண்டு மூத்த ஒஸ்ரின் ஏ-40களும், மொறிஸ் மைனர்களும், மொறிஸ் ஒக்ஸ்போட்களும் மண்ணெண்ணெயை உண்டு, வெண்புகை கக்கியவாறு, நோயாளரையும் மணமக்களையும் ஏற்றிச் சென்றன. புதியவை கிடக்கப் பழையவை ஓடியமை ஏன் என்ற வினாவே இக்கட்டுரையின் பொருளாகும்.

இவ்வினாவுக்கு நம்மவர் வழக்கமாகக் கூறும் விடை ஒன்றுண்டு. யாழ்ப்பாணத்தவரின் கெட்டித்தனமே காரணம் என்பது அவ்விடை. அதனை நாம் மறுக்க வரவில்லை. எனினும் கெட்டித்தனம் என்னும் சொல் ஒரு செயலைப் பாராட்டுமேயன்றி விளக்கமாட்டாது. அதே கைகள், அதே திருகுதடிகள், அதே மண்ணெண்ணெய்; ஆயினும் ஒரு வண்டி இணங்கிற்று, மற்றொன்று இணங்க மறுத்தது. ஆகவே விடையின் ஒரு பகுதியை வண்டியின் பிறப்பிலேயே தேடவேண்டியவராகின்றோம். அவ்வாறு தேடுமிடத்து, 1990இன் தட்டுப்பாட்டுக்குப் பின்னால் அதற்கு முந்திய வேறிரு தட்டுப்பாடுகள் நிற்பதைக் காண்கின்றோம். ஒன்று இரண்டாம் உலகப் போரின் பின்னர் பிரித்தானியாவில் நிலவியது. மற்றையது 1960களின் தொடக்கத்திலிருந்து இலங்கையில் நிலவியது.

முதலில் எரிபொருளின் தன்மையை நோக்குதல் வேண்டும். பெற்றோலும் மண்ணெண்ணெயும் ஒரே மசகெண்ணெயிலிருந்து வடித்தெடுக்கப்படுவன. பெற்றோலின் கூறுகள் ஏறத்தாழ 35 பாகை செல்சியசிற் கொதிக்கத் தொடங்கி 200 பாகையளவில் முடிவுறும். மண்ணெண்ணெயின் கூறுகளோ 150 பாகைக்கு மேலேதான் கொதிக்கத் தொடங்கும். பெற்றோல் எஞ்சினிலே தீப்பொறி பற்றவைப்பது காற்றுடன் கலந்த ஆவியையேயாதலால், குளிர்ந்திருக்கும் எஞ்சினுள் மண்ணெண்ணெய் துளிகளாகவே நின்றுவிடும், எஞ்சின் தொடங்காது. இது முதலாவது இடர். இரண்டாவது, மண்ணெண்ணெயின் ஒக்ரேன் எண் மிகத் தாழ்ந்தது; பெற்றோலின் பாதியைப் பெரும்பாலும் எட்டுவதில்லை. முசலம் கலவையை மிகுதியாக நெருக்கினால், அது உரிய வேளையில் ஒழுங்காக எரியாது, ஒரு பகுதி தானாகவே வெடித்து, உலோகத்திற் சுத்தியலால் அடித்தாற்போன்ற ஓசையை எழுப்பும். கராஜ்காரர் அதனை ‘நொக் பண்ணுதல்’ என்பர். நீண்ட நேரம் அவ்வாறு ஓடும் எஞ்சினின் முசலங்கள் சிதைந்துபோகும். மூன்றாவது, எரியாது எஞ்சும் மண்ணெண்ணெய் உருளைச் சுவரினூடே கீழே வடிந்து எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும்.

இவ்விடர்கள் புதியனவல்ல, அவற்றுக்குரிய மருந்தும் புதியதன்று. 1917இல் உற்பத்தியாகத் தொடங்கிய போட்சன் உழவு இயந்திரம் பெற்றோலிலே தொடங்கி மண்ணெண்ணெயிலே ஓடியது. பிரித்தானியாவில் உழவு இயந்திரங்களுக்கெனவே மண்ணெண்ணெயிலிருந்து ஆக்கப்பட்ட தனி எரிபொருளொன்று 1930கள் முதல் 1974 வரை விற்பனையாயிற்று. 1946 முதல் கொவென்றி நகரில் உற்பத்தியான சிறிய பேர்கசன் உழவு இயந்திரத்துக்கும் அவ்வெரிபொருளுக்குரிய வகையொன்று இருந்தது. அத்தகைய எஞ்சின்களில் நெருக்கல் விகிதத்தை ஐந்தை அண்டி வைத்தனர். புகைபோக்கியின் வெப்பத்தால் உள்ளே செல்லும் கலவையைச் சூடாக்கினர். தாங்கியை இரண்டாகப் பிரித்துச் சிறு அறையிற் பெற்றோலையும் பேரறையில் மற்றையதையும் இட்டனர். காரிலும் இது கையாளப்பட்டதுண்டு. 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் பின்லாந்தில் விற்பனையான சாப் 99 கார்களின் ஒரு வகை, பெற்றோலிலே தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடுமாறு தொழிற்சாலையிலேயே அமைக்கப்பட்டது. சூடும் குறைந்த நெருக்கலும் இருந்தால் மண்ணெண்ணெய் ஓடும் என்பதே இவையனைத்தும் காட்டும் பொது விதி.

இனி ஒஸ்ரினின் பிறப்புக்கு வருவோம். 1939 செப்ரெம்பரிற் போர் தொடங்கியவுடன் பிரித்தானியாவில் எண்ணெய்க் கம்பனிகளின் தனிப்பெயர்கள் அகற்றப்பட்டு, ‘பூல்’ என்னும் ஒரேவகைப் பெற்றோல் பங்கீட்டு முறையில் விற்கப்பட்டது. அதன் ஒக்ரேன் எண் ஏறத்தாழ எழுபதளவினதே. பங்கீடு 1950 மே மாதத்தில் நீங்கிற்றாயினும் தரங்குறைந்த அப்பெற்றோல் 1953இன் தொடக்கம் வரை நீடித்தது. ஒஸ்ரின் ஏ-40 டெவோன் 1947இலும், மொறிஸ் மைனரும் மொறிஸ் ஒக்ஸ்போட்டும் 1948இலும், ஏ-40 சோமர்செற் 1952இலும் வெளிவந்தன. ஆகவே இவற்றை வரைந்தோர் கையிலிருந்தது பூல் பெற்றோலே. அதற்கேற்ப நெருக்கலைத் தாழ்த்தியே வைத்தனர். 1200 கன சென்ரிமீற்றர் கொண்ட ஏ-40இன் விகிதம் ஏழுக்குச் சற்று மேல். 918 கன சென்ரிமீற்றர் கொண்ட முதல் மைனரின் விகிதம் ஏழிலும் குறைவு. 1980களின் ஜப்பானியக் கார்களில் இது ஒன்பதை அண்டியது.

மற்றொன்றும் கருதத்தக்கது. போருக்குப் பிந்திய பிரித்தானிய அரசு, ஏற்றுமதி செய்யும் கம்பனிகளுக்கே உருக்கை முதன்மையாகப் பங்கிட்டது. எனவே இக்கார்கள் உள்ளூரிலும் பார்க்க வெளியூரை நோக்கியே உருவாயின. எத்தகைய பெற்றோல் கிடைக்கும், எத்தகைய கராஜ் இருக்கும் என்று சொல்லமுடியாத நாடுகளுக்குச் செல்பவை ஆதலால், எளிமையும் பொறுதியும் அவற்றுக்கு இன்றியமையாதனவாயின. ஏ-40இலும் மைனரிலும் கலவை உட்செல்லும் குழாயும் புகை வெளிச்செல்லும் குழாயும் எஞ்சினின் ஒரே பக்கத்தில் ஒன்றோடொன்று ஒட்டியவாறு அமைந்துள்ளன. குளிர்நாட்டுக் காலையிற் பெற்றோல் நன்கு ஆவியாதற்பொருட்டு அமைந்த அச்சூடு, நாற்பதாண்டின் பின் மண்ணெண்ணெயை ஆவியாக்கப் பயன்பட்டது. மைனரின் எஸ்.யூ. காபறேற்றரில் எரிபொருளின் அளவைக் கீழேயுள்ள ஒரு சுரையைத் திருகியே கூட்டவும் குறைக்கவும் இயலும். பற்றரி வலுவிழந்தால் முன்புறத்திற் செருகிச் சுழற்றும் இரும்புக் கைபிடியும் உண்டு. பற்றரியும் தடைசெய்யப்பட்டிருந்த நாட்டில் அக்கைபிடியின் அருமை சொல்லாமலே விளங்கும்.

பிற்பட்ட மாதிரிகள் இவ்வளவு இணக்கமானவையல்ல. 1950களின் நடுப்பகுதிக்குப் பின் பெற்றோலின் தரம் உயர உயர நெருக்கலும் உயர்ந்தது. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜின் பிந்திய எஞ்சின்கள் மண்ணெண்ணெய்க்கு எளிதில் இணங்குவனவல்ல. ஆயினும் தரங்குறைந்த பெற்றோல் விற்கப்பட்ட நாடுகளுக்கென நெருக்கல் குறைந்த எஞ்சின்களையும் அக்கம்பனி செய்தனுப்பியது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இத்தகைய கார்கள் 1990 வரை யாழ்ப்பாணத்தில் எஞ்சியிருந்தமைக்கு இரண்டாவது தட்டுப்பாடே காரணமாகும். தேயிலை, இறப்பர், தெங்கு ஆகியவற்றின் வருவாய் இறங்கியதால் 1960களின் தொடக்கத்தில் இலங்கை வெளிநாட்டுச் செலாவணி நெருக்கடிக்கு ஆளாயிற்று. ஆடம்பரப் பொருளெனக் கருதப்பட்ட மோட்டார்க் காரின் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இற் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை, நாட்டில் ஏற்கெனவே இருந்த கார்களைக் கொண்டே நாடு முழுவதும் காலங்கழித்தது. பிறநாடுகளில் பத்தாண்டிற் பழைய இரும்பாய்ப் போன வண்டி இங்கு கைமாறிக் கைமாறிச் சீதனப் பொருளாகவும் வாடகைக்காராகவும் வாழ்ந்தது. ‘ஸ்ரீ’ எழுத்து 1950களின் பிற்பகுதியில் இலக்கத்தகட்டில் ஏறுமுன்னர்ப் பதிவானவை ஆங்கில எழுத்துகளையே தாங்கியிருந்தமையால், ஒரு காரின் வயதை அதன் தகட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். அவ்வெழுத்தையொட்டி எழுந்த போராட்டம் வேறொரு கட்டுரைக்குரியது.

உதிரிப்பாகம் வராத அக்காலத்திலேதான் உள்ளூர்க் கராஜ்கள் வெறும் பழுதுபார்க்கும் இடம் என்ற நிலையைக் கடந்து, பாகங்களைச் செய்யுமிடங்களாகவும் மாறின. தேய்ந்த உருளையைக் கடைந்து பெருப்பித்தல், வேறொரு வண்டியின் பாகத்தை அராவிப் பொருத்துதல், தகட்டை வெட்டி அடைப்புத் தகடு செய்தல் ஆகியன அன்றாட வேலைகளாயின. 1990இல் யாழ்ப்பாணத்துக் கராஜ்காரர் கையிலிருந்தது முப்பதாண்டுப் பயிற்சி. அப்பயிற்சியைத் தந்தது தட்டுப்பாடே.

கராஜுக்கு வெளியே, தோட்டத்திலும் இவ்வறிவு விளைந்திருந்தது. ஆறில்லாத குடாநாட்டிற் கிணறே வேளாண்மையின் உயிர். துலாவேறி இறைத்த காலம் போய், 1950களின் பின்னர் நீரிறைக்கும் இயந்திரங்கள் பரவின. அவற்றுட் பல பெற்றோலிலே தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடுவன. சிறிதளவு பெற்றோல் விட்டு, இழுத்துத் தொடக்கி, சூடேறியபின் குழாய்த் திருகியை மண்ணெண்ணெய்ப் பக்கம் திருப்புவதைப் புகையிலைத் தோட்டத்திலும் வெங்காயத் தோட்டத்திலும் சிறுவரும் அறிந்திருந்தனர். காரை மண்ணெண்ணெய்க்கு மாற்றிய வித்தையின் நேர்த்தாய் இவ்விறைப்பு இயந்திரமே என நாம் கருதுகின்றோம். அதனைக் கண்டுபிடித்தவர் யார் எனத் தேடுவது வீண். குடாநாட்டின் தோட்டக்காரர் அனைவரும் அதனை முன்னரே அறிந்திருந்தனர்.

இனி, 1990இன் பின் நிகழ்ந்தது யாது? பெற்றோல் தடைப்பட்டபோதும் மண்ணெண்ணெய் விளக்குக்கும் அடுப்புக்கும் உரியதாகையால் மட்டுப்பட்ட அளவில் அனுமதிக்கப்பட்டது. சங்கக்கடைகளிற் பங்கீடாகவும், வெளியே பன்மடங்கு விலைக்கும் கிடைத்தது. கள்ளமாகக் கடல்நீரேரி தாண்டி வந்த பெற்றோல் மருந்துபோல் அளந்து விற்கப்பட்டது. எனவே அதனைத் தொடக்குவதற்கு மாத்திரம் பயன்படுத்துவதென்ற முறை தானே உருவாயிற்று. காரின் தாங்கியில் மண்ணெண்ணெய் இருக்கும். பெற்றோலோ ஒரு சிறு போத்தலில். அதனைக் குழாய்வழி காபறேற்றரோடு தொடுப்பர். அன்றேல் காற்று வடிகட்டியைக் கழற்றிச் சில துளிகளைக் காபறேற்றரின் வாயிலே நேரே விடுவர். மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களும் அவ்வாறே சட்டைப்பையிலோ வண்டியின் பக்கத்திலோ சிறு பிளாஸ்ரிக் போத்தலொன்றை வைத்திருந்தனர். எஞ்சின் பற்றியதும் சில நிமிடம் பொறுத்து, சூடேறியபின், மண்ணெண்ணெயைத் திறப்பர். நிறுத்துமுன் மீண்டும் சிறிது பெற்றோலில் ஓடவிட்டாற்றான் அடுத்த முறை தொடக்குவது எளிது. அதற்கும் பெற்றோல் வேண்டுமாதலாற் பலர் அதனைச் செய்யவில்லை. மேட்டிலே நிறுத்திச் சரிவில் உருட்டித் தொடக்குதலும், அயலவரைக் கூவித் தள்ளுவித்தலும் வழக்கமாயின. குடாநாடு சமதரையாதலால் மேடு கிடைப்பதும் அரிது. ஆகவே தள்ளுவோரே மிகுதி.

நொக் பண்ணுதலைக் குறைப்பதற்குத் தீப்பொறி எழும் வேளையைச் சற்றுப் பிந்தச் செய்தல் பொதுவான முறை. டிஸ்ரிபியூற்றரின் பிடியைத் தளர்த்திச் சிறிது திருப்பினால் அது கைகூடும். உருளைத் தலைக்கடியில் உள்ள அடைப்புத் தகட்டைத் தடிப்பாக்கினால் நெருக்கலும் தாழும். இவ்வாறு மாற்றிய வண்டியின் வலு குறையும், விரைவும் குறையும். பிளக்குகளிற் கரி படியும். அவற்றை அடிக்கடி கழற்றித் துடைக்கவேண்டும். எஞ்சின் ஒயில் நீர்த்து மணக்கும்; மாற்றுவதற்கு ஒயிலும் கிடைப்பதரிது. புதிய கார்களில் இம்முறை பலியாமைக்கு நெருக்கல் மாத்திரமன்றி வேறு காரணமும் உண்டு. அவற்றுட் பலவற்றில் உட்குழாய் ஒருபுறமும் புகைக்குழாய் மறுபுறமும் அமைந்திருந்தமையால், பழைய கார்களுக்கு இயல்பாய்க் கிடைத்த சூடு அவற்றுக்குக் கிடைக்கவில்லை.

ஐரோப்பாவில் இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் கையாண்ட வழியோடு இதனை ஒப்பிடலாம். அங்கு பெற்றோலற்ற கார்களின் பின்புறத்தில் இரும்பு உலையைப் பூட்டி, விறகையோ கரியையோ குறைந்த காற்றில் எரித்து, பிறந்த வாயுவால் எஞ்சினை ஓட்டினர். ஜேர்மனியில் மாத்திரம் போரின் முடிவில் ஏறத்தாழ ஐந்து இலட்சம் வாகனங்கள் அவ்வாறு ஓடின. ஆனால் அதன்பின்னால் அரசு நின்றது, தொழிற்சாலை நின்றது, பூட்டுவதற்குத் தகரமும் இரும்பும் நின்றன. யாழ்ப்பாணத்து மாற்றத்துக்கு வேண்டியவை ஒரு போத்தல், ஒரு முழக் குழாய், ஒரு திருகி. இவ்வெளிமையே அதன் ஆவணமின்மைக்கும் காரணம். கட்டளை பிறப்பிக்கப்படவில்லை, வரைபடம் வரையப்படவில்லை, உரிமப்பத்திரமும் எழுதப்படவில்லை.

இங்கே பாராட்டை நிறுத்தி ஒரு கணக்கைப் பார்க்கவேண்டியுள்ளது. குடாநாட்டுக்கு வந்த மண்ணெண்ணெய் அளவானது. மின்சாரமில்லாத வீடுகளிற் பிள்ளைகள் படித்ததும், மருத்துவமனைக்குத் தொலைவிலுள்ள ஊர்களில் இரவுகள் கழிந்ததும், தோட்டத்துக்கு நீர் இறைக்கப்பட்டதும் அதே எண்ணெயால்தான். எனவே காரின் தாங்கியில் ஊற்றப்பட்ட ஒவ்வொரு போத்தலும் ஒரு விளக்கிலிருந்தோ ஒரு கிணற்றிலிருந்தோ வந்ததாகும். ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சையிட்டுத் துளித்துளியாக எண்ணெயை மிச்சம்பிடித்த வீட்டுக்கு முன்னால், மணமக்களின் கார் சென்ற காட்சியை எவ்வாறு மதிப்பிடுவது? அதே கார் மறுநாள் பிள்ளைப்பேற்றுக்குக் கிடக்கும் பெண்ணை யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றிருக்கலாம். இரண்டும் உண்மை. தடைக்கால வாழ்வை வெற்றிக்கதையாக மாத்திரம் எழுதுவோர் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுகின்றனர். தடைக்குள்ளும் உள்ளோர் இல்லோர் என்ற வேறுபாடு இருந்தது. மண்ணெண்ணெய் அதனை அளக்கும் கோலாயிற்று. அன்றியும், பெற்றோல் கலந்த மண்ணெண்ணெய் விளக்கிற் சேர்ந்தால் அது தீவிபத்தாய் முடியும். ஒரே வீட்டில் ஒரேவகைப் போத்தல்களில் இரண்டையும் வைத்திருந்த காலம் அது.

1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தனர். நாவற்குழியூடாகவும் கோப்பாய் – கைதடி வழியாகவும் தென்மராட்சிக்குச் செல்லும் வீதிகளில் நடந்தோரும், துவிச்சக்கரவண்டியை உருட்டியோரும், மாட்டுவண்டியிலும் உழவு இயந்திரத்திலும் ஏறியோரும் அடியடியாக நகர்ந்தனர். மண்ணெண்ணெய்க் காருக்கு அத்தகைய நெரிசல் பெருங்கேடு. நின்று நின்று செல்லும்போது எஞ்சினின் சூடு தணியும். தணிந்தால் எண்ணெய் ஆவியாகாது. நின்றுவிட்டால் மீளத் தொடக்கப் பெற்றோல் வேண்டும். இயல்பான வீதியிலே குறையெனத் தோன்றாதது அன்றிரவு பெருங்குறையாயிற்று.

1996இன் நடுப்பகுதிக்குள் குடாநாட்டின் பெரும்பகுதி அரசபடையின் கட்டுப்பாட்டில் வந்தது. பின்னர் எரிபொருள் கடல்வழியே கட்டுப்பாட்டோடு வரலாயிற்று. 2002இல் ஏ-9 வீதி திறக்கப்பட்டபோது மண்ணெண்ணெய்க் கார்களின் தேவை ஒருவாறு முடிந்தது. 2006 ஓகஸ்டில் அவ்வீதி மீண்டும் மூடப்பட்டதும் பெற்றோல் அருகிற்று. பழைய வித்தையும் ஆங்காங்கு தலைகாட்டியது. 2009இல் போர் முடிந்த பின்னரும் யாழ்ப்பாண நகரில் ஒஸ்ரின் வாடகைக்கார்களைக் காணமுடிந்தது. 2022இல் நாடு முழுவதும் எரிபொருளின்றித் தவித்தபோது நிலைமை வேறு. வரிசையில் நின்ற கார்களிற் பெரும்பாலானவை மின்னணுக் கட்டுப்பாட்டில் எரிபொருளைத் தெளிப்பவை, காபறேற்றரே அற்றவை. அவற்றின் வாயிற் பெற்றோல் விடுவதற்கு வாயில்லை. மண்ணெண்ணெயும் அவ்வாண்டு ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. கடற்றொழிலாளரே அதன் சுமையை முதலில் உணர்ந்தனர்.

எஞ்சியுள்ள கார்களுக்கு இப்போது வேறொரு மதிப்பு வந்துள்ளது. பழங்கார் விரும்பிகள் அவற்றை நல்ல விலைக்கு வாங்கித் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குப் புதுப்பிக்கின்றனர். அவ்வாறு புதுப்பிக்கும்போது முதலில் அகற்றப்படுவன, 1947ஆம் ஆண்டு வரைபடத்தில் இல்லாத பொருள்களே: எஞ்சின் மூடிக்குக் கீழே போத்தலைத் தாங்கக் கட்டிய கம்பி, குழாயிற் பின்னர் செருகிய திருகி, அடைப்புத் தகட்டுக்குமேல் வெட்டி வைத்த இரண்டாவது தகடு. வரலாற்று மாணவர்க்கு வேண்டியன இவையே. கராஜ்களில் அக்காலத்தில் வேலைசெய்தோர் இன்று முதுமையை எய்திவிட்டனர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுத்துறையும் உண்டு. 2014 முதல் கிளிநொச்சியில் பொறியியற் பீடமும் உண்டு. இவ்விரண்டினதும் மாணவர் சேர்ந்து, ஒருவர் ஒலிப்பதிவுக் கருவியோடும் மற்றவர் அளவுகோலோடும், திறந்த எஞ்சின் மூடி ஒன்றின் முன் நின்று குறிப்பெடுக்கவேண்டிய வேலை இன்னும் கிடக்கின்றது.